அது யாருடைய பத்திரிகை?

எமது வாவிக் கரையிலுள்ள ஒரு பாடசாலையில், தமிழ்ப் பேச்சுப் போட்டிக்கு மாணவரை ஆயத்தம் செய்துகொண்டிருந்த வேளையில் எழுந்த ஒரு வினா நெடுநாளாக எம்மை வருத்திக்கொண்டிருக்கிறது. ‘ஈழத்துத் தமிழ்ப் பத்திரிகைகள்’ என்பது பொருள். படுவான்கரையிலிருந்து துறை கடந்து வந்து படிக்கும் ஒரு மாணவி மூன்று பத்திரிகைகளைத் தேர்ந்தெடுத்து எழுதிவந்திருந்தாள்: ‘உதயதாரகை’, ‘முஸ்லிம் நேசன்’, ‘ஈழகேசரி’. மூத்த ஆசிரியர் ஒருவர் கையெழுத்துப் படியை வாங்கிப் பார்த்தார். நடுப் பகுதியைச் சிவப்பு மையால் குறுக்கே வெட்டினார்.

“இது தமிழ்ப் போட்டி, புள்ள. அது அவங்கட பத்திரிகை. சமயப் பத்திரிகையெல்லாம் நமக்கெதுக்கு?”

மாணவி தயங்கினாள், ஆனால் கேட்டாள்: “அப்படியெண்டா ‘உதயதாரகை’ ஆர்ட பத்திரிகை, சேர்? அதையும் பாதிரிமார்தானே நடத்தினவங்க?”

ஆசிரியர் அறையில் இரண்டொருவர் சிரித்தனர். விடை கூற எவரும் முன்வரவில்லை. பல்கலைக்கழகத்தில் தமிழைச் சிறப்புப் பாடமாகப் பயின்று பட்டம் பெற்ற நாமும் அங்கிருந்தோம். நாமும் வாய் திறக்கவில்லை. வெட்டிய பகுதி வெட்டப்பட்டபடியே போயிற்று. மாணவி இரண்டு பத்திரிகைகளைப் பற்றிப் பேசி இறங்கினாள்.

அன்று கூறத் தவறிய விடையை இன்று கூற முற்படுகிறோம். அந்தச் சிவப்புக் கோட்டை இழுத்த கை ஒருவருடையதாயினும், அதை இழுக்கத் துணிவளித்த மனப்பான்மை எம் எல்லோர்க்கும் பொதுவானது. எனவே தனியொருவர்மீது குற்றஞ் சுமத்துவது எமது நோக்கமன்று. தமிழாசிரியர் என்ற வகையில் எம்மை நாமே குற்றவாளிக் கூண்டில் ஏற்றிக்கொள்கிறோம்.

*

‘முஸ்லிம் நேசன்’ யாருடைய பத்திரிகை என்று அறியவேண்டுமானால், முதலில் அதனை நடத்தியவர் யார் என்று அறியவேண்டும்.

முகம்மது காசிம் சித்தி லெப்பை 1838-ஆம் ஆண்டு கண்டியிற் பிறந்தவர். தந்தை வழக்கறிஞர். மகனும் அத்தொழிலையே மேற்கொண்டு 1862-இல் நீதிமன்றத்தில் நியாயதுரந்தரரானார். ஆங்கிலம், அரபு, தமிழ் ஆகிய மொழிகளில் வல்லவர். நல்ல வருவாய், நகரத்தில் மதிப்பு, ஆட்சியாளரின் நன்மதிப்பு ஆகிய யாவும் வாய்க்கப்பெற்றவர். அவ்வளவில் நின்றிருந்தால், அக்காலத்து இலங்கையின் வசதி படைத்த வழக்கறிஞர்களுள் ஒருவராக வாழ்ந்து மறைந்திருப்பார். எவரும் இன்று அவர் பெயரை உச்சரிக்கமாட்டார்கள்.

அவரை நிம்மதியாயிருக்க விடாதது தம் சமூகத்தின் நிலையே. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் கிறித்தவ மிஷனரிமாரின் பாடசாலைகள் பெருகின; அவற்றுக்கு எதிராகச் சைவரும் பௌத்தரும் தத்தம் பாடசாலைகளை நிறுவத் தொடங்கினர். ஆங்கிலக் கல்வி உத்தியோகத்துக்கு வாயிலாயிற்று. முஸ்லிம்களோ, மிஷன் பாடசாலைக்குப் பிள்ளையை அனுப்பினால் மார்க்கம் கெட்டுவிடும் என்று அஞ்சி ஒதுங்கினர். தமக்கெனப் பாடசாலைகளை அமைத்தாருமிலர். பள்ளிவாசற் பள்ளிக்கூடத்தில் ஓதுவதோடு ஆண்பிள்ளையின் கல்வி நின்றது. பெண்பிள்ளையின் நிலை அதனினும் கீழ்.

இந்நிலையிலேதான் 1882 டிசம்பரில் கண்டியிலிருந்து ‘முஸ்லிம் நேசன்’ வெளிவரத் தொடங்கியது. தமிழில் வந்தது. ஆசிரியர், வெளியீட்டாளர், அச்சகத்துக்குப் பொறுப்பாளர், நட்டத்தைத் தாங்குபவர் என எல்லாம் பெரும்பாலும் அவரேயாயினார். சட்டத் தொழிலின் வருவாயைப் பத்திரிகையும் பாடசாலையும் தின்றன. காலப்போக்கில் அத்தொழிலையே பின்தள்ளி, கல்விப்பணியைத் தம் முழுநேரத் தொண்டாக்கிக்கொண்டார்.

பத்திரிகையில் எழுதியதைத் தரையில் நின்று செய்துகாட்டியவர் அவர். 1884-இல் கொழும்பில் முஸ்லிம் சிறுவர்க்கென நவீன பாடசாலையொன்றை நிறுவுவதில் முன்னின்றார். அது நிலைக்கவில்லை. சோர்ந்துவிடாது மீண்டும் முயன்றதன் பயனாக 1892-இல் மருதானையிலே தோன்றிய பாடசாலைதான் பின்னாளில் ஸாஹிராக் கல்லூரியாக வளர்ந்தது. கண்டியில் பெண்களுக்கெனப் பாடசாலை திறந்தார். அதனைத் தம் சகோதரி முத்து நாச்சியாவின் பொறுப்பில் விட்டார். பிறர் வீட்டுப் பெண்களுக்குக் கல்வி வேண்டுமென்று எழுதி, தம் வீட்டுப் பெண்களை உள்ளே இருத்திவைத்த சீர்திருத்தவாதிகள் பலரை நாம் அறிவோம். சித்தி லெப்பை அவ்வரிசையிற் சேரவில்லை.

பிரித்தானியப் படைகள் எகிப்தை அடக்கியதும், அங்கு தேசிய எழுச்சிக்குத் தலைமை தாங்கிய அகமது ஒராபி பாஷா 1883-இல் இலங்கைக்கு நாடுகடத்தப்பட்டார். அவரை ஆதரவோடு வரவேற்றவர்களுள் சித்தி லெப்பையும் ஒருவர். ஆண்டுகள் சில கடந்து, 1885-இல் ‘அசன்பேயுடைய கதை’ என்ற நாவல் அவரது எழுத்தில் வெளிவந்தது. எகிப்திலே பிறந்து, குழந்தைப் பருவத்தில் கவர்ந்து செல்லப்பட்டு, இந்திய மண்ணில் வளரும் ஒருவனின் வரலாறு அது. தமிழின் முதல் நாவலெனப் போற்றப்படும் ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ வெளிவந்தது 1879-இல். அதற்கு ஆறாண்டுகளின் பின் வந்த இந்நூல்தான் ஈழத்தின் முதல் தமிழ் நாவல் என்பர் ஆய்வாளர். அதாவது, நாவல் என்ற புதிய இலக்கிய வடிவம் ஈழத்துத் தமிழில் ஒரு முஸ்லிம் பத்திரிகையாசிரியரின் மேசையிலிருந்து புறப்பட்டிருக்கிறது.

1898 பெப்ரவரியில், அறுபது நிறையுமுன்னரே, அவர் காலமானார். 1977-இல் அரசாங்கம் அவர் உருவம் பொறித்த தபால் முத்திரை ஒன்றை வெளியிட்டது. முத்திரை வெளியிடுவது எளிது. அது உறையிலே ஒட்டப்படும், முத்திரை குத்தப்படும், பின்னர் மறக்கப்படும். அம்மனிதர் எழுதியதை வகுப்பறையில் வைத்துப் படிப்பதுதான் அரிது.

*

எமது பட்டப் படிப்புக் காலத்தில் அவரைப்பற்றி நாம் கற்றது ஒரு வரி: ஆண்டு, நாவலின் பெயர், ஆசிரியர் பெயர். பத்திரிகையாசிரியர் என்ற அவரது முழுநீள வாழ்வு அந்த ஒரு வரிக்குள் அடங்கிப்போயிற்று. ஏன்?

ஒரு காரணம் கூறப்படும். ‘முஸ்லிம் நேசன்’ ஒரு சமூகத்தாரை நோக்கியே பேசியது. ஆகவே அது வகுப்புப் பத்திரிகை. தமிழ் இதழியலின் பொதுவழியோடு அதற்கு உறவில்லை என்பர். இவ்வாதத்தைச் சற்று உரசிப் பார்ப்போம்.

‘உதயதாரகை’ 1841-இல் யாழ்ப்பாணத்திலே அமெரிக்க மிஷனைச் சார்ந்தோரால் தொடங்கப்பட்டது. கிறித்தவ சமயப் பரப்பு அதன் நோக்கங்களுள் முதன்மையானது. சைவத்தின்மீது அது தொடுத்த கண்டனங்களும் அதற்குச் சைவர் கூறிய மறுப்புகளும் வரலாற்று மாணவர் அறிந்தவை. எனினும் அதனை ஈழத்துத் தமிழ் இதழியலின் தொடக்கமென்று எல்லோரும் ஏற்றுக்கொள்கிறோம், ஏற்றுக்கொள்வது சரியுமாகும். ஆறுமுக நாவலர் உரைநடையை வளர்த்தது சைவத்தைக் காக்கும் பொருட்டு. அது தெரிந்தே அவரை வசனநடை கைவந்த வல்லாளர் என்கிறோம், அதுவும் சரியே. கிறித்தவத்துக்காக எழுதப்பட்ட தமிழும் சைவத்துக்காக எழுதப்பட்ட தமிழும் பொதுத் தமிழாகும்போது, முஸ்லிம்களின் கல்விக்காக எழுதப்பட்ட தமிழ் மாத்திரம் ‘அவங்கட’ தமிழாவது எந்த நியாயத்தால்? படுவான்கரை மாணவி கேட்ட வினாவின் கூர்மை இதுவே.

இன்னுமோர் ஒப்பீடு. ‘முஸ்லிம் நேசன்’ தோன்றிய அதே 1882-இல் சென்னையில் ஜி. சுப்பிரமணிய ஐயர் ‘சுதேசமித்திரன்’ பத்திரிகையைத் தொடங்கினார். அதனைத் தேசியப் பத்திரிகை என்கிறோம். அவ்வாறு அழைக்கப்படும் தகுதி அதற்குண்டு. ஆனால் அன்றைய சென்னையிலே அதனைக் கையிலெடுத்து வாசித்தோர் யாவர்? சேரியில் வாழ்ந்தோரா? வயலில் நின்றோரா? எண்ணிக்கையிலும் செல்வாக்கிலும் மேலோங்கி நிற்பவர்கள் தமக்குள்ளே பேசிக்கொண்டால் அது ‘தேசியம்’. சிறுபான்மையினரும் ஒடுக்கப்பட்டோரும் தமக்குள்ளே பேசிக்கொண்டால் அது ‘வகுப்பு’. இந்த அளவுகோலைச் செய்தவர் யார் என்று முற்போக்காளராகிய நாம் கேட்கவேண்டாமா?

தமிழகத்திலும் இதே கதைதான். இரட்டைமலை சீனிவாசன் 1893-இல் ‘பறையன்’ என்ற பெயரிலேயே ஒரு பத்திரிகை நடத்தினார். அயோத்திதாசப் பண்டிதர் 1907-இல் ‘ஒரு பைசாத் தமிழன்’ என்ற இதழைத் தொடங்கி, 1914-இல் மறையும்வரை நடத்தினார். அவ்விதழில் அவர் எழுதியவை தொகுக்கப்பட்டுப் பரவலாக வாசகர் கைக்கு வருவதற்கு அந்நூற்றாண்டின் இறுதிவரை காத்திருக்கவேண்டியதாயிற்று. அவற்றைச் சாதிப் பத்திரிகைகள் என்று தள்ளிவைத்த இலக்கிய வரலாறுகள், சாதியைப் பற்றி வாய் திறவாத மேற்சாதிப் பத்திரிகைகளைப் பொதுப் பத்திரிகைகள் என்று போற்றிவந்தன. மறைப்பதற்கு வசதியுள்ளவனின் சாதி தெரிவதில்லை, அவ்வளவுதான்.

*

கடல் கடந்தும் நோக்குவோம். அதே 1882-இல், ரஷ்யப் பேரரசின் லித்துவேனியப் பகுதியிலிருந்து இருபத்திரண்டு வயதை எட்டாத ஒரு யூத இளைஞர் அமெரிக்காவின் பிலடெல்பியாத் துறைமுகத்தில் வந்திறங்கினார். ஆபிரகாம் கஹான் என்பது அவர் பெயர். பயிற்சி பெற்ற ஆசிரியர். சோஷலிசக் கருத்துகளுக்காகச் சார் மன்னனின் பொலீசாரால் தேடப்பட்டவர். 1897-இல் தொடங்கப்பட்ட ‘ஃபோர்வர்ட்ஸ்’ என்ற யித்திஷ் நாளிதழின் முதலாசிரியர் அவரே. சிறிது காலம் விலகியிருந்து 1903-இல் மீண்டும் பொறுப்பேற்ற பின்னர் ஏறத்தாழ நாற்பதாண்டுகளுக்கு மேலாக அதனை நடத்தினார். அதன் உச்ச காலத்தில் நாளொன்றுக்கு இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட பிரதிகள் விற்பனையாயின. 1912-இல் எழுந்த அதன் பத்து மாடிக் கட்டடத்தின் முகப்பில் மார்க்ஸ், எங்கெல்ஸ் ஆகியோரின் உருவங்கள் செதுக்கப்பட்டன.

யித்திஷ் அக்காலத்துக் கற்றறிந்த யூதர் பலரால் இழித்துரைக்கப்பட்ட மொழி. மொழியே அன்று, கொச்சை என்றனர். தையற் பட்டறையில் பதினான்கு மணிநேரம் குனிந்திருந்த தொழிலாளியும் அவன் மனைவியும் வீட்டிற் பேசியது அம்மொழியே. கஹான் அவர்கள் பேசிய மொழியிலேயே, அவர்களுக்கு விளங்கும் விதமாகவே எழுதவேண்டுமென்று தம் எழுத்தாளரை வற்புறுத்தினார். 1906-இல் அவர் தொடங்கிய கடிதப் பகுதியில், கணவனால் கைவிடப்பட்ட பெண்ணும், வேலைநிறுத்தத்தை முறித்துவிட்டு மனச்சாட்சியால் வருந்தும் தொழிலாளியும், மதம் விட்டு மணம் செய்ய விரும்பும் இளைஞனும் தத்தம் துன்பங்களை எழுதினர். பத்திரிகை விடை கூறியது. புத்துலகில் வாழ அம்மக்கள் கற்றுக்கொண்ட பள்ளிக்கூடம் அது. ஒராபியின் எகிப்தைக் கதையாக்கிய சித்தி லெப்பையைப் போலவே கஹானும் நாவலாசிரியர். 1917-இல் வெளிவந்த அவரது ‘டேவிட் லெவின்ஸ்கியின் எழுச்சி’, பணம் சேர்த்து உள்ளம் வறண்டுபோன ஒரு யூத முதலாளியின் கதை. தம்மவரிலே வெற்றி பெற்றவனைப் புகழ்ந்து பாடாமல் அவன் நெஞ்சை அறுத்துக் காட்டினார்.

கஹானின் பிற்கால அரசியலோடு இடதுசாரிகள் பலர் கடுமையாக முரண்பட்டனர். முரண்பட்டவர்களும்கூட அமெரிக்கத் தொழிலாளர் இயக்க வரலாற்றிலிருந்து அவரைத் தூக்கி எறிந்துவிடவில்லை. ‘அது யூதருடைய பத்திரிகை’ என்று கூறித் தொழிற்சங்க வரலாற்றை எழுத முற்படுபவன் நகைப்புக்கிடமாவான்.

இவ்விருவரையும் அருகருகே வைத்துப் பார்க்கும்போது ஓர் உண்மை புலப்படும். ஒரு சமூகத்தை நோக்கிப் பேசுவதனால் மாத்திரம் ஒரு பத்திரிகை வகுப்புவாதப் பத்திரிகையாகிவிடாது. அச்சமூகத்திடம் அது என்ன பேசியது என்பதே கேள்வி. ‘உன் குறைகளுக்கெல்லாம் அடுத்த வீட்டானே காரணம்’ என்று பேசினால் அது வகுப்புவாதம். ‘உன் வீட்டுப் பெண்ணை ஏன் படிப்பிக்கவில்லை?’ என்று கேட்டால் அது சமூகத் தொண்டு. முன்னையதற்குத் துணிவு தேவையில்லை; கைதட்டல் உடனே கிடைக்கும். பின்னையதற்குச் சந்தா குறையும்; பள்ளிவாசலில் முகம் சுளிப்பர்; மார்க்கத்துக்கு மாறானவன் என்ற பழி வரும். ஆங்கிலக் கல்வியையும் பெண் கல்வியையும் வற்புறுத்திய சித்தி லெப்பை இத்தகைய எதிர்ப்புகளுக்கு ஈடுகொடுத்தே தம் பணியைச் செய்தார். தம்மவரை நோக்கிக் கசப்பானதைக் கூறும் ஆற்றலே ஒரு சமூகப் பத்திரிகையாசிரியனின் தகுதி என்பது எமது துணிபு.

*

இனி, சித்தி லெப்பையை நாம் கண்ணை மூடிக்கொண்டு போற்றவேண்டும் என்று கூறவரவில்லை. முற்போக்காளன் எவரையும் பீடத்திலே ஏற்றிப் பூசனை செய்பவனல்லன்.

அவர் வசதியுள்ள வகுப்பினர். பிரித்தானிய முடியாட்சியின் நிழலிலேயே தம் சமூகம் முன்னேறவேண்டுமென்று எண்ணியவர். ஒராபி பாஷாவை வரவேற்ற அதே மனிதர், ஒராபியை நாடுகடத்திய வல்லரசின் ஆட்சியை இந்நாட்டிலிருந்து அகற்றவேண்டுமென்று முழங்கவில்லை. கண்டியிலும் கொழும்பிலும் வாழ்ந்த வணிகரும் வழக்கறிஞரும் அவர் கண்முன் நின்ற அளவுக்கு, மருதமுனைத் தறிக்காரனும், ஏறாவூரின் ஏழை விவசாயியும், எமது வாவியில் வலைவீசி வாழ்ந்த மீனவனும் நின்றனர் என்று கூறுவதற்கில்லை. கல்வி ஒன்றினாலேயே வறுமை தீரும் என்ற அக்காலத்துச் சீர்திருத்தவாதிகளின் நம்பிக்கை அவரிடமும் இருந்தது. நிலம் யாரிடம் உள்ளது, தறியின் விளைவு யாரிடம் போகிறது என்ற வினாக்கள் அவர் காலத்து நடுத்தர வகுப்பினர் உள்ளத்தில் எழவில்லை.

இவற்றையெல்லாம் கூறுவோம். ஆனால், ஒருவரின் குறைகளைக் கூறுவதற்கேனும் அவரை முதலில் படிக்கவேண்டுமல்லவா? நாவலரின் சாதிப் பற்றை விமர்சிக்கும் உரிமையை நாம் பெற்றது அவரைப் படித்ததனாலேயே. சித்தி லெப்பையை விமர்சிக்கும் உரிமைகூட எமக்கில்லை; அவரை நாம் படிக்கவில்லை.

எதிர்ப்புறத்திலிருந்தும் ஒரு தடை எழுப்பப்படும். ‘முஸ்லிம்கள் தம்மைத் தனியினம் என்கின்றனர், தமிழர் என்று கூறப்படுவதை மறுக்கின்றனர். அவ்வாறாயின் அவர்களின் பத்திரிகையாசிரியரைத் தமிழ் வரலாற்றிலே சேர்க்க நாம் ஏன் முற்படவேண்டும்?’ என்பர். இதற்கு விடை கூற வரலாற்றைச் சற்றுத் திரும்பிப் பார்த்தல் அவசியம்.

1888-இல் பொன்னம்பலம் இராமநாதன் இலங்கைச் சோனகரின் இனவியல் பற்றி ஓர் ஆய்வுரையை வாசித்தார். சோனகர் இனத்தால் தமிழரே என்பது அவர் முடிபு. சட்டசபையில் முஸ்லிம்களுக்கெனத் தனிப் பிரதிநிதி வேண்டுமா என்ற வினா எழுந்திருந்த காலம் அது. ஆகவே அவ்வுரையை வெறும் ஆராய்ச்சியாக முஸ்லிம்கள் கொள்ளவில்லை. தம்மை விழுங்குவதற்கான முயற்சியாகவே கண்டனர். அடுத்த ஆண்டு எம். ஸி. அப்துல் ரகுமான் முதல் முஸ்லிம் பிரதிநிதியாக நியமிக்கப்பட்டார். 1907-இல் ஐ. எல். எம். அப்துல் அஸீஸ் இராமநாதனின் கூற்றுகளுக்கு விரிவான மறுப்பெழுதினார். 1915-இல் முஸ்லிம்கள் தாக்கப்பட்டபோது இராமநாதன் சட்டசபையில் சிங்களத் தலைவர்களுக்காக வாதாடியது அந்தப் புண்ணை ஆழமாக்கிற்று.

அன்றைய தமிழ்த் தலைமை செய்த பிழை இதுவே: மொழியையும் இனத்தையும் ஒன்றாகக் குழப்பியது; ‘நீ என் மொழி பேசுகிறாய், ஆகவே நீ எனக்குள் அடக்கம்’ என்றது. இன்றைய எமது பிழை அதன் மறுபுறம்: ‘நீ எனக்குள் அடங்க மறுத்தாய், ஆகவே உன் மொழி என் மொழியன்று’ என்கிறோம். முன்னையது விழுங்குதல், பின்னையது துப்புதல். இரண்டிலும் மற்றவனை மனிதனாக மதித்தல் இல்லை.

சித்தி லெப்பை தமிழரென்று நாம் உரிமை கொண்டாடவில்லை. அவர் என்ன இனத்தவர் என்று தீர்மானிக்கும் உரிமை அவருக்கும் அவர் சமூகத்துக்குமே உண்டு. அவர் எழுதியது தமிழ் என்று மாத்திரமே கூறுகிறோம். அந்தத் தமிழ் எமது மாணவர்க்கு உரியது. சிங்கப்பூரில் 1887-இல் ‘சிங்கை நேசன்’ இதழைத் தொடங்கிய மகுதூம் சாயபுவும் ஒரு முஸ்லிமே. அங்குள்ள தமிழர் தம் இதழியல் வரலாற்றை எழுதும்போது அவரிடமிருந்து தொடங்கக் கூச்சப்படுவதில்லை. எமக்கு மட்டும் ஏன் கூச்சம்?

*

இது ஏட்டுப் பிரச்சினையன்று என்பதை எமது வாவிக் கரையில் வாழ்பவர் அறிவர். மட்டக்களப்பு நகரிலிருந்து கல்லடிப் பாலத்தைக் கடந்து தெற்கு நோக்கிப் பேருந்தில் செல்பவர், நாவற்குடா, காத்தான்குடி, ஆரையம்பதி எனத் தமிழூரும் முஸ்லிமூரும் மாறிமாறிக் கோத்த மாலையைக் காண்பர். ஓரூருக்கும் மற்றையதற்கும் இடையே வேலிகூடக் கிடையாது. தாய்வழிக் குடிமுறை இரு சமூகத்துக்கும் பொது. சில குடிப் பெயர்களும் பொது. மகளுக்கு வீடு கட்டிக் கொடுத்து மருமகனை அங்கு வரவழைக்கும் வழக்கமும் பொது. வயலிலே பாடிய கவியின் மெட்டும் பொது. பாடசாலை மட்டும் வேறு வேறு. ஒரே தமிழ்ப் பாடநூலை, ஒரே இலக்கணத்தை, ஒரு மைல் இடைவெளியில் இரு வகுப்பறைகளிலே, ஒருவரையொருவர் காணாமல் பிள்ளைகள் படிக்கின்றனர்.

இந்த இடைவெளியில் என்ன நிகழ்ந்தது என்பதையும் மறத்தலாகாது. 1990 ஆகஸ்ட் 3-ஆம் திகதி காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்த நூற்றுக்கு மேற்பட்ட முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் சுட்டுக் கொன்றனர். சில நாட்களில் ஏறாவூரிலும் இரத்தம் ஓடியது. அடுத்த மாதம் 9-ஆம் திகதி சத்துருக்கொண்டானில் குழந்தைகளும் பெண்களுமாக நூற்றுக்கு மேற்பட்ட தமிழர் இராணுவத்தினரிடம் உயிரிழந்தனர். நாம் அக்காலத்தை அண்டிப் பிறந்தவர்கள். எமக்கு இவை கதையாகச் சொல்லப்பட்டன. ஆனால் எப்படிச் சொல்லப்பட்டன? தமிழ் வீட்டில் சத்துருக்கொண்டான் சொல்லப்பட்டது. முஸ்லிம் வீட்டில் காத்தான்குடி சொல்லப்பட்டது. இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லும் தாள் ஒன்றை எம் இளமையில் நாம் கண்டோமில்லை. 2019 ஏப்ரல் 21-இல் மட்டக்களப்புச் சீயோன் தேவாலயத்தில் ஞாயிறு வழிபாட்டுக்கு வந்த பிள்ளைகள் குண்டுக்குப் பலியாயினர். அந்தக் கொடுமையின் பின்னர் ஒரு சமூகம் முழுவதும் ஐயத்துக்குரியதாக்கப்பட்டது. அப்போதும் ஒவ்வொரு பக்கமும் தன் பக்கத்தை மட்டுமே வாசித்துக்கொண்டிருந்தது.

உண்மை எழுதுவது எமது மண்ணில் எளிய காரியமுமன்று. பத்திரிகையாளர் ஐயாத்துரை நடேசன் 2004 மே 31-இல் மட்டக்களப்பு நகரிலே சுட்டுக் கொல்லப்பட்டார். எமது மண்ணில் பிறந்த தர்மரத்தினம் சிவராம் 2005 ஏப்ரலில் கொழும்பிலே கடத்தப்பட்டுக் கொல்லப்பட்டார். பேனா பிடித்தவன் என்ன விலை கொடுத்தான் என்பதை அறிந்த ஊரார் நாம். அவ்வாறிருக்க, தன் மக்களுக்கு உண்மை கூறுவதையே தொழிலாகக் கொண்ட ஒரு பத்திரிகையாசிரியரின் வாழ்வைச் சிவப்பு மையால் வெட்டிவிட எமக்கு எப்படிக் கை வந்தது?

இன்றைய நிலையையும் கூறிவிடவேண்டும். இரு சமூகங்களிலும் தம்மவரை முகத்துதி செய்து பிழைக்கும் எழுத்து மலிந்து கிடக்கிறது. தமிழ்ச் சாதிக் கொடுமையைப் பற்றி எழுதினால் ‘இனத்தைக் காட்டிக்கொடுக்கிறான்’ என்பர் இங்கே. பெண்ணின் உரிமையைப் பற்றி எழுதினால் ‘மார்க்கத்தைக் காட்டிக்கொடுக்கிறான்’ என்பர் அங்கே. சித்தி லெப்பையின் பெயரால் விழா எடுப்போர், அவர் தம் சமூகத்திடம் கேட்ட கேள்விகளைத் திரும்பக் கேட்கத் தயங்குகின்றனர். அவரை மறந்த எமது குற்றமும், அவரை மாலையிட்டு மௌனமாக்கிய அவர்களின் குற்றமும் ஒன்றுக்கொன்று துணைபோகின்றன.

*

ஆசிரியராகிய நாம் என்ன செய்யலாம்? எமது கைக்கு எட்டியவற்றையே கூறுகிறோம்.

ஈழத்து இதழியல் வரலாற்றைக் கற்பிக்கும்போது ‘உதயதாரகை’யோடு நின்றுவிடாது ‘முஸ்லிம் நேசன்’ வரையும் வருவோம். இரண்டும் சமயச் சார்புடையவை என்பதை மறைக்காது கூறி, அச்சார்பையும் மீறி அவை தமிழுக்குச் செய்தது என்ன என்று மாணவரைச் சிந்திக்க வைப்போம். ‘அசன்பேயுடைய கதை’யின் ஒரு பகுதியையேனும் வகுப்பிலே வாய்விட்டு வாசிப்போம். அதன் மொழியில் அரபுச் சொல்லும் நாட்டு வழக்கும் கலந்திருப்பதைக் கண்டு முகஞ் சுளிப்பார் இருப்பர். 1960-களில் டானியலும் டொமினிக் ஜீவாவும் தம் மக்களின் பேச்சை எழுத்தில் ஏற்றியபோது ‘இழிசினர் வழக்கு’ என்று பண்டிதர் பழித்ததையும், முற்போக்காளர் அதற்கு விடையளித்ததையும் அவர்களுக்கு நினைவூட்டுவோம். பக்கத்து முஸ்லிம் பாடசாலையின் தமிழாசிரியரோடு சேர்ந்து, இரு பாடசாலை மாணவரும் எழுதும் கையெழுத்துச் சஞ்சிகை ஒன்றையேனும் தொடங்குவோம். பெருந்திட்டமெதுவும் தேவையில்லை, ஒரு கொப்பியும் இரண்டு ஆசிரியரின் மனமும் போதும்.

இவை புரட்சியாகிவிடுமா என்று கேட்பார் உளர். ஆகா. நிலமும் அதிகாரமும் பற்றிய பெரும் வினாக்களை ஒரு கையெழுத்துச் சஞ்சிகை தீர்த்துவிடாது. ஆனால் படுவான்கரை உழவனும் காத்தான்குடித் தொழிலாளியும் என்றோ ஒருநாள் ஒரே கோரிக்கையோடு ஒரே வீதியில் நிற்கவேண்டுமானால், அவர்களின் பிள்ளைகள் ஒரே பக்கத்தை ஒருமுறையேனும் சேர்ந்து வாசித்திருக்கவேண்டும்.

அந்த மாணவியின் கையெழுத்துப் படியை நாம் கேட்டு வாங்கினோம். சிவப்புக் கோடு அதன் குறுக்கே இன்னும் இருக்கிறது. அதற்குக் கீழே அவள் எழுதியதும் தெளிவாகத் தெரிகிறது. அவள் வினாவுக்கு எமது விடை இதுதான்: ‘உதயதாரகை’ யாருடையதோ, ‘முஸ்லிம் நேசன்’ அவர்களுடையது, மகளே. தமிழ் வாசிக்கத் தெரிந்த எல்லோருடையது. அடுத்த ஆண்டுப் போட்டிக்கு அந்தப் பகுதியையும் சேர்த்தே நீ பேசவேண்டும். இம்முறை நாம் வாய்மூடியிருக்கமாட்டோம்.